‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: “கல்லூரி வரை ஆங்கிலத்தில்தான் படித்தேன். இங்கே பங்சார் அலுவலகத்தில் ‘புட் ஆஃப்’, ‘லுக் இன்டு’ என்று பேசும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிகிறது, சேர்ந்தால் புரியவில்லை. 500 சொற்கள் உள்ள ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யட்டுமா? நேற்று மேலாளர் ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்றார். நான் மறுபடி அவரிடம் போக வேண்டுமா?”

பட்டியல் வேண்டாம். நானும் வந்த புதிதில் ஒன்றை எழுதி பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். ‘புட்’ என்ற ஒரு சொல்லுக்குக் கீழேயே பத்துப் பன்னிரண்டு வரி. இரண்டு நாளில் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது.

அந்தக் குழப்பத்தால் ஒரு நாள் பெரிய தப்பு நடந்தது. டெலிவரியை ‘கால் ஆஃப்’ பண்ணச் சொன்னார் மேற்பார்வையாளர். எனக்குக் ‘கால்’ மட்டும்தான் காதில் நின்றது. லாரிக்காரரைக் கூப்பிட்டு வரச் சொல்லிவிட்டேன். கிள்ளானிலிருந்து லாரி வந்து நின்றது. ரத்து செய்யச் சொல்லியிருக்கிறார்! வாடகை வீண். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் நம் தமிழை நினைத்துப் பார்த்தேன். ‘விடு’ தெரியும், ‘கொடு’ தெரியும். ஆனால் தமிழ் படிக்கும் ஒரு சீனருக்கு ‘விட்டுக்கொடு’ எப்படிப் புரியும்? ‘பார்’ வேறு, ‘பார்த்துக்கொள்’ வேறு. ‘எடுத்துச் செல்’ வேறு, ‘எடுத்துச் சொல்’ வேறு. இவற்றை நாம் யாரும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை, பேச்சில் கேட்டுப் பழகினோம். ‘புட் ஆஃப்’ என்பது நம் ‘தள்ளிப்போடு’தான். ‘லுக் இன்டு’ என்பது ‘விசாரித்துப் பார்’. ‘லுக் ஆஃப்டர்’ என்பது ‘பார்த்துக்கொள்’. ‘கிவ் இன்’ என்பது ‘விட்டுக்கொடு’. இப்படி ஒரு தமிழ் வினையோடு சேர்த்து வைத்தது எதுவும் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

வினையைவிட அதன் பின்னால் வரும் சின்னச் சொல்லைக் கவனியுங்கள். ‘ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று விலகுகிறது, அறுபடுகிறது: கட் ஆஃப், டேக் ஆஃப், கால் ஆஃப். ‘அப்’ பல இடங்களில் நம் ‘விடு’ மாதிரி, காரியம் முழுதாக முடிந்ததைச் சொல்லும். ஈட் அப் என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு, யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு. ‘அவுட்’ மறைந்திருந்ததை வெளியே கொண்டுவரும்: ஃபைண்ட் அவுட், பாயிண்ட் அவுட். எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ஆனால் பாதி வழிக்குக் கொண்டு சேர்க்கும்.

உங்கள் படிப்பில் குறை என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் நமக்குக் கிடைத்தவை போஸ்ட்போன், கேன்சல், டாலரேட் போன்ற எழுத்துச் சொற்கள். பேச்சில் அதே வேலையை இந்தச் சேர்க்கைகள் செய்கின்றன. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவருக்கு மிகவும் சிரமம் தருவது இவைதான் என்று எழுதியிருக்கிறார்.

இங்கே இன்னொன்றும் உண்டு, நம் ஊரிலிருந்து வருபவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். மலேசியப் பேச்சில் ‘பாஸ் அப்’ என்றால் ஒப்படைப்பது. பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் ‘பாஸ் அப்’ பண்ணுவார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் அதையே சொன்னால், கிடைத்த வாய்ப்பை வேண்டாமென்று விடுவது என்று பொருள். அதேபோல் கூட வேலை செய்பவர் ‘ஐ செண்ட் யூ ஹோம்’ என்றால் காரில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறேன் என்கிறார். மலாயில் அனுப்புவதற்கும் கொண்டுபோய் விடுவதற்கும் ‘ஹந்தார்’ என்ற ஒரே சொல்தான். அதனால் கேட்டதை எழுதி வைக்கும்போது யார் சொன்னது, எந்த இடத்தில் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எல்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும் நேரத்தில் நான்கு வரி எழுதினால் போதும்.

புரியவில்லையென்றால் அங்கேயே கேளுங்கள். “யூ மீன் கேன்சல்?” என்று ஒரு வரி. இந்த ஊரில் மலாய்க்காரர், சீனர், நாம் என்று பெரும்பாலோர் வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அன்று நான் அந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் லாரி வந்திருக்காது.

சரி, உங்கள் மேலாளர் விஷயம். ‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்றால் விசாரித்துவிட்டு அவரே பதில் சொல்வார். இப்போது போக வேண்டாம். இரண்டு மூன்று நாளில் பதில் வராவிட்டால் ‘ஜஸ்ட் ஃபாலோயிங் அப்’ என்று தொடங்கி ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள். அது இங்கே வழக்கம்தான், அவசரப்படுத்துவதாக நினைக்க மாட்டார்.