இல்லத்தில் சேர்த்தால்தான் பணமா? யார் சொன்னது?

அக்கா, உங்கள் தங்கச்சியும் அவர் வீட்டுக்காரரும் இறந்தபிறகு பிள்ளைகள் ரெண்டு பேரும் பாம்பனில் உங்களிடம்தான் இருக்கிறார்கள், ஆனால் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தால்தான் அரசுப் பணம் வரும் என்று தெருவில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் சும்மா. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைக்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு, மத்திய அரசும் மாநிலமும் 60:40 என்று பங்கு போட்டுத் தருவது. வளர்ப்புப் பராமரிப்பு என்று எழுதிவிடாதீர்கள், அது உறவில்லாத குடும்பத்துக்கு. 'நிதி ஆதரவு' என்று கேட்டு, ராமநாதபுரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுங்கள்.

சிக்கல் வருமானச் சான்றில்தான் வரும். கிராமத்தில் ஆண்டுக்கு 72,000தான் வரம்பு (ராமேஸ்வரம் மாதிரி நகராட்சி என்றால் 96,000). உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர் என்கிறீர்கள், நல்ல பாடு கிடைத்த மாதத்தை வைத்துக்கொண்டு அப்படியே பன்னிரண்டால் பெருக்கி எழுதிவிடுவார்கள், அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில்தான் கிடக்கும் என்பதை விஏஓவிடம் விடாமல் சொல்லுங்கள்.

அப்புறம், மாநில அரசின் 'அன்புக் கரங்கள்' திட்டம் தனி, மாதம் 2,000, 18 வயதுவரை. அதையும் அங்கேயே கேளுங்கள். இறப்புச் சான்று இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டே போங்கள். அலைக்கழித்தால் 1098, குழந்தைகள் உதவி எண், அதற்குப் போன் போடுங்கள்.