ராத்திரிப் பசிக்குப் பகலில் பதில்

கேள்வி: அக்கா, என் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது ராத்திரி இரண்டு முறைதான் எழுந்தாள். இப்போது நான்கைந்து முறை எழுகிறாள். பால் குடித்தபடியேதான் தூங்குகிறாள். "பால் போதவில்லை, ராத்திரிக்குப் புட்டிப்பால் கொடு" என்கிறார் அத்தை. "கொஞ்சம் அழவிட்டால் பழகிவிடும்" என்கிறார் கணவர். தாய்ப்பாலை நிறுத்த மனமில்லை, ஆனால் உடம்பு தாங்கவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: அன்புத் தங்கைக்கு, ராத்திரியைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் பகலில் அவள் எப்படிக் குடிக்கிறாள் என்று எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நான்கைந்து மாதத்தில் குழந்தைக்கு உலகம் தெரிய ஆரம்பிக்கிறது. யாராவது பேசினால் திரும்பும், கதவு அசைந்தால் பாலை விட்டுவிட்டுப் பார்க்கும். என் இரண்டாவது மகன் அப்படித்தான். ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தேன். பகலில் ஆறு முறை குடித்திருந்தான், ஒரு முறைகூட ஐந்து நிமிடம் தாண்டவில்லை. விட்டதையெல்லாம் ராத்திரியில் வாங்கிக்கொண்டான். அப்புறம் பகலிலும் அறையை இருட்டாக்கி, கதவைச் சாத்தி, போனை வெளியே வைத்துவிட்டுப் பால் கொடுத்தேன். பத்து நாளில் ஐந்து முறை எழுந்தது மூன்றாகக் குறைந்தது. மூன்றே எனக்குப் பெரிய நிம்மதி. நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பால் போதவில்லை என்ற பயம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு டயப்பருக்குக் குறையாமல் நனைந்து, எடையும் சீராக ஏறினால் பால் போதுகிறது. புட்டிப்பால் கொடுத்தால் விடிய விடியத் தூங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். ராத்திரிப் பாலைத் திடீரென நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சுரப்பும் குறையலாம். குறைப்பதானால் மெதுவாக, ஒவ்வொரு வேளையாகத்தான்.

பால் குடித்தபடி தூங்குவது கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் இந்த வயதில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கம் லேசாகும். அப்போது எப்படித் தூங்கினாளோ அதையே தேடுவாள். அதனால் முதல் தூக்கத்துக்கு மட்டும் ஒன்று செய்யுங்கள். கண் சொருகும்போது, முழுதாகத் தூங்குவதற்கு முன், வாயோரம் சுண்டுவிரலை விட்டு மெல்ல விடுவித்து, மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சில் கை வையுங்கள். அழுதால் மறுபடி கொடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு இந்தப் பயிற்சி வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் பாலைக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.

இன்னொன்று. கண்ணை மூடியபடியே குழந்தை முனகும், நெளியும். அது விழிப்பு இல்லை. என் மூத்தவளை ஒவ்வொரு முனகலுக்கும் தூக்கினேன். தூங்கிக்கொண்டிருந்தவளை நானே எழுப்பியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது, இன்றும் நினைத்தால் மனசு கஷ்டப்படும். ஓரிரு நிமிடம் காத்திருங்கள். நிஜமாகவே அழுதால் எடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை உண்டு. வயிறு நிறையக் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்தால் அது பெரும்பாலும் பசியாக இருக்காது, அவர் தூக்கித் தட்டிக்கொடுக்கட்டும். அவரிடம் பால் வாசனை இல்லை என்பதால் சில குழந்தைகள் சீக்கிரம் அடங்கிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூக்கக் கலக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்காதீர்கள். அப்படியே கண் அயர்ந்தால் குழந்தைக்கு மூச்சு அடைக்கும் ஆபத்து மிக அதிகம்.

எடை ஏறவில்லை, டயப்பர் நனைவது குறைகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் பத்து நாள் பகல் பாலைக் குறித்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.