நிரம்பிய வார்ப்பு ஏன் வெடிக்கிறது?

சேர், வணக்கம். கிராண்ட்பாஸில் சின்ன வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறோம். மெழுகு அச்சு முறையில் அலுமினிய பிராக்கெட் செய்கிறோம். மெல்லிய ஓரம் நிரம்பவில்லை என்று உலோகத்தின் சூட்டைக் கூட்டினோம். மெழுகைச் சுற்றிப் பூசிச் செய்த செராமிக் கூட்டையும் இன்னும் சூடாக்கி ஊற்றினோம். இப்போது அழகாக நிரம்புகிறது. ஆனால் போல்ட் இறுக்கும்போதே வெடிக்கிறது. பழைய அலோய் வீலைத்தான் உருக்குகிறோம். பிழை உலோகத்திலா?
- ஒரு வாசகர், கொழும்பு 14

அன்புள்ள தம்பி,

உலோகத்தை நான் முதலில் சந்தேகிக்க மாட்டேன். அலோய் வீல் பெரும்பாலும் ஏ356 என்ற அலுமினியக் கலவை: 7 சதவீதமளவில் சிலிக்கன், கொஞ்சம் மகனீசியம். நல்ல சரக்கு. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பிஸ்டனையும் எஞ்சின் கவரையும் அதோடு கலக்காதீர்கள். கலந்தால் இரும்பு ஏறி வார்ப்பு நொறுங்கும்.

இரண்டு சூட்டையும் ஒன்றாகக் கூட்டியதுதான் வினை. செராமிக் கூடு வெப்பத்தை லேசில் வெளியே விடாது. அதையும் சூடாக்கினால் உலோகம் ஆற அமர உறையும். அலுமினியம் மரம்போலக் கிளைவிட்டு உறைகிறது. மெதுவாக ஆறினால் கிளைகளின் இடைவெளி அகலும், சிலிக்கன் தடித்த தகடுகளாகத் திரளும். அந்தத் தகடுகள் வழியேதான் வெடிப்பு ஓடும். இழுவைப் பலம் குறைவதைவிட, முறியுமுன் நீண்டு கொடுக்கும் தன்மை மோசமாகக் குறையும். போல்ட் இறுக்கும்போதே போவது அதனால்தான்.

அப்புறம் ஐதரசன். உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து அதை உறிஞ்சும், சூடு ஏற ஏற அதிகமாக. உறையும்போது ஐதரசனைக் கரைத்து வைத்திருக்கும் திறன் ஏறக்குறைய 20 மடங்கு சரியும். மிஞ்சிய வாயு உள்ளேயே குமிழாக நிற்கும். கொழும்புப் புழுக்கத்தில், அதுவும் மே, ஜூன் மழையில், இதைச் சும்மா விடக்கூடாது. முறிந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உருண்டையாக, உட்பக்கம் வழவழப்பாகத் துளை இருந்தால் அது வாயு. வீல் துண்டுகளையும் அகப்பையையும் நன்றாகக் காயவைத்து, உருகிய உலோகத்துக்குள் ஆர்கன் வாயுவை விட்டு ஐதரசனை நீக்குங்கள். கோணல்மாணலாக, கிளை நுனிகள் தெரிந்தால் அது உலோகம் உறைந்து சுருங்கும்போது விழும் சுருக்கக் குழி. அந்த இடத்துக்குக் கடைசிவரை உலோகம் போய்ச் சேரவில்லை.

ஊற்றும் வேகமும் முக்கியம். நொடிக்கு அரை மீற்றரைத் தாண்டினால் மேலேயுள்ள ஒக்சைட் படலம் மடிந்து உள்ளே போய்விடும், அங்கேதான் வெடிப்பு தொடங்கும். ஒன்றேகால் சென்ரிமீற்றர் விழுந்தாலே அந்த வேகம் வந்துவிடும். ஆகவே கீழிருந்து நிரம்பும்படி வழி வையுங்கள்.

கூட்டின் சூட்டை இப்போதைக்குத் தொடாமல், உலோகத்தை மட்டும் 720 பாகை செல்சியசுக்கு இறக்கி ஊற்றுங்கள். ஓரம் நிரம்பினால் அடுத்த முறை கூட்டின் சூட்டைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றவேண்டாம். ஆறிய வார்ப்பை 540 பாகையில் வைத்து, தண்ணீரில் அமிழ்த்தி, 155 பாகையளவில் பதப்படுத்தினால் பலம் நன்றாகக் கூடும். ஆனால் உள்ளே இருக்கும் துளையை அது மூடாது.

முறிந்த துண்டின் படத்தை அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.