மூலக்கூறு இயந்திரங்களில், அதாவது சொன்னபடி அசைகிற மூலக்கூறுகளில், பிஎச்டி சேரலாமா? 2016-இல் நோபல் கொடுத்தும் கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள்கூட வரவில்லையே?

எம்எஸ்சி முடிக்கப் போகிறீர்கள், அந்த நோபலைப் பகிர்ந்துகொண்ட ஃபெரிங்காவின் நான்கு சக்கர நானோகார் (கார் மாதிரி ஒரே மூலக்கூறு) படத்தைப் பார்த்து மயங்கிவிட்டீர்கள், வீட்டில் யாரோ "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டார்கள். சரிதானே? நானும் அப்படிப் போனவன்தான்.

எனக்குக் கிடைத்த வேலை ரோட்டாக்சேன். கம்பி மாதிரி ஒரு மூலக்கூறு, அதில் கோத்த ஒரு வளையம், அது கழன்று விழாமல் இரு முனையிலும் பருத்த அடைப்பு. 1991-இல், அதே நோபலைப் பகிர்ந்துகொண்ட ஸ்டாடர்ட்டின் குழு இப்படிப்பட்ட வளையத்தைக் கம்பியின் இரண்டு இடங்களுக்கு நடுவே போய்வர வைத்தது. என் வளையம் டைபென்சோ-24-கிரவுன்-8. அதிலுள்ள ஆக்சிஜன்கள் கம்பியிலுள்ள அம்மோனியத்தை (நேர்மின்னூட்டமுள்ள நைட்ரஜன் பகுதி) பிடித்துக்கொள்ளும். கலந்தாலே கோத்துக்கொள்ளும், பிறகு முனையை அடைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கியில் எட்டு மாதம் போனது. அடைப்புக்கு வெறும் பென்சீன் வளையம் போதும் என்று நினைத்தேன். மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் எடை சரியாக வந்தது. ஹைட்ரஜன்களின் சூழலைக் காட்டும் என்எம்ஆரில், நைட்ரஜனை ஒட்டிய கார்பனின் ஹைட்ரஜன்கள் 4.6 பிபிஎம் பக்கம் நகர்ந்து நின்றன, வளையம் கோத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். கைடு ஸ்லைடு போடச் சொல்லிவிட்டார். கலவையைப் பிரித்தெடுக்கும் காலம் (column) குழாயில் ஏற்றும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் வளையம் தனியாக இறங்கியது. "நாம்தான் கூடுதலாகப் போட்டிருக்கிறோமே, மிச்சம் வருகிறது" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான், "அண்ணா, டிஎம்எஸ்ஓல எடுத்துப் பாத்தீங்களா?" எடுத்தேன். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் அம்மோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, வளையம் நழுவிப் போய்விட்டது. கம்பி தனி, வளையம் தனி. பென்சீன் அந்த வளையத்துக்குள் சாவகாசமாகப் புகுந்து வெளியே வரும் அளவுதான். அடைக்க வேண்டுமானால் அதில் இரண்டு டெர்ஷியரி பியூட்டைல் மாதிரி பருத்த கார்பன் தொகுதிகள் ஒட்டியிருக்க வேண்டும்.

துறைக்காரர்கள் சிரிப்பீர்கள், தெரியும். பழைய கட்டுரைகளிலேயே இருந்தது, நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. ஆனால் டிஎம்எஸ்ஓ ஸ்பெக்ட்ரம் எடுக்க நேரம் கிடைத்ததா என்றும் கேளுங்கள். என்எம்ஆர் கருவிக்கு நேரம் பதியும் ரெஜிஸ்டரில் நான் பென்சிலில் எழுதிய பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் பேனாவில் எழுதும் சீனியர் ஒருவர் இருந்தார். மூன்று வாரம் அப்படி. கைடிடம் சொன்னால், "நீயும் பேனாவில எழுது."

பிரயோஜனத்துக்கு வருகிறேன். இந்த இயந்திரங்களை, பயன் என்னவென்று அப்போது தெரியாதிருந்த 1830-களின் மின்மோட்டாரோடு நோபல் குழு ஒப்பிட்டதைச் சொல்லி எல்லோரும் வாயை அடைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, எதற்கும் பொருந்துகிற பதில். ஃபெரிங்கா 1999-இல் செய்த மோட்டார் ஒளி பட்டால் ஒரே திசையில் சுழலும். 2014-க்குள் வேகம் நொடிக்கு 1.2 கோடி சுற்று வரை போனது. இடையில் திரவப் படிகத்துக்குள் மோட்டாரைக் கலந்து, அதைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிய, 28 மைக்ரோமீட்டர் கண்ணாடிக் குச்சியையே சுழற்றிக் காட்டினார்கள். சுழற்றத் தெரியும். அதை எதோடு இணைத்து வேலை வாங்குவது என்பதில்தான் எல்லோரும் நிற்கிறார்கள். பொருள் நாளைக்கே வரும் என்று நம்பிச் சேராதீர்கள்.

சேருவதாக இருந்தால் ஆய்வகத்தில் முதலில் என்எம்ஆர் ரெஜிஸ்டரைப் பாருங்கள்.