அப்பாவுக்கு குடிப்பழக்கம், எனக்கு 4 பெக் போட்டாலும் ஏறல, நான் சேஃபா?

இல்ல ப்ரோ, அது உல்டா. குடிநோய் இருக்கிறவங்க பிள்ளைகள்ல பலருக்கு ஆரம்பத்துலயே போதை கம்மியாத்தான் தெரியும், அதனால அளவு தானா கூடிட்டே போகும், அதையே ஒரு ரிஸ்க்காதான் டாக்டர்ஸ் பாக்குறாங்க.

குடிநோய் வர்றதுல ஜீனோட பங்கு சுமார் 50%, இரட்டையர் ஆய்வுல வந்த கணக்கு, ஆனா அது உங்க ஒருத்தருக்கான ஜாதகம் இல்ல. 'குடி ஜீன்'னு தனியா ஒண்ணு கிடையாது, டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு காசு கொட்டாதீங்க. பெங்களூரு கோரமங்களா வெள்ளிக்கிழமை பார்ட்டி மாதிரி சூழலுக்கும் இதுல பங்கு இருக்கு.

உலக சுகாதார நிறுவனத்தோட 'ஆடிட்' (AUDIT)னு குடிப்பழக்கத்த அளக்குற 10 கேள்விய உண்மையா நிரப்புங்க, மார்க் 8 இல்ல அதுக்கு மேல வந்தா பெங்களூரு ஓசூர் ரோட்டுல இருக்கிற நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைல போய் காட்டுங்க.

தினமும் நிறைய குடிக்கிற ஆளா இருந்தா மட்டும் டாக்டர கேக்காம பட்டுனு நிறுத்திடாதீங்க, வலிப்பு வரலாம்.