கை வலிக்குது, வெயிட்டை விட்டுரணுமா?

வாசகர் கேள்வி பதில்: இந்த வாரம் மணிக்கட்டு

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வயது 24, ஊர் கல்லிடைக்குறிச்சி. நாலு மாசமாக வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் வலி. பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளுவது) 60 கிலோ போடும்போதும் தண்டால் எடுக்கும்போதும் சுருக்கென்று குத்துகிறது. தினமும் பைக்கில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வேலைக்குப் போகிறேன், ஆக்ஸிலேட்டர் முறுக்கினாலும் வலி. இரண்டு வாரம் ஜிம்முக்குப் போகாமல் இருந்தால் சரியாகிவிடும், திரும்பிப் போன முதல் நாளே பழைய கதை. எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு இழுத்தும் விட்டார்கள். மாஸ்டர் 'ரிஸ்ட் ராப் (மணிக்கட்டுப் பட்டை) கட்டிக்கிட்டு அடி' என்கிறார், அம்மா 'அந்த இரும்பை விட்டுத் தொலை' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் தம்பி. (இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டாதீர்கள்.) ஓய்வு எடுத்தால் வலி போகிறது, போனதும் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. ஓய்வு வலியை அடக்கும், கையைப் பலமாக்காது. இரண்டு வாரம் சும்மா கிடந்த மணிக்கட்டு முன்னைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாகத்தான் திரும்பி வரும், அதைக் கொண்டுபோய் விட்ட இடத்திலேயே, அதே 60 கிலோவில், அதே பிடியில் மாட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்?

முதலில் எது வலிக்கிறது என்று பார்ப்போம். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இரண்டு எலும்புகள் வருகின்றன. கட்டைவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டில் அகலமானது, கையில் ஏறும் பாரத்தில் சுமார் 80 சதவீதத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். மற்றதற்கு சுமார் 20 தான், அதுவும் கை நேராக இருக்கும்வரை. உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து இறுக்கிப் பிடித்தால் அந்தப் பங்கு ஏறிவிடும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் நுனிக்கும் மணிக்கட்டின் சிறு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு முக்கோணக் குருத்தெலும்பும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நார்களும் இருக்கின்றன, டாக்டர்கள் டிஎஃப்சிசி என்பார்கள். தண்டால், பெஞ்ச், ஆக்ஸிலேட்டர் மூன்றிலும் அந்தப் பக்கம் வலி என்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி எழுந்து பாருங்கள். அதே இடத்தில் குத்தினால் சந்தேகம் வலுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், உறுதி என்று சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், குருத்தெலும்பும் நாரும் தெரியாது. ஆகவே உங்களிடம் 'ஒன்றும் இல்லை' என்று சொன்னதற்கு 'எலும்பில் ஒன்றும் இல்லை' என்றுதான் அர்த்தம், அதுவும் நல்ல சேதிதான். அதற்காக நாளைக்கே எம்ஆர்ஐ எடுக்க ஓட வேண்டாம். வலியே இல்லாதவர்கள் பலருக்கும் அந்தக் குருத்தெலும்பில் தேய்மானமும் கிழிசலும் படத்தில் தெரியும், வயது ஏற ஏற இன்னும் அதிகம். படத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தேவையில்லாத பயம்தான் மிஞ்சும். ஆனால் கையை ஊன்றி விழுந்த பிறகு வந்த வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, திருப்பும்போது வலியோடு 'கடக்' என்று மாட்டி விடுவது, புறங்கையில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன எலும்பு இன்னொரு கையைவிட அதிகமாக ஆடுவது, விரல் மரத்துப்போவது, பிடி தளர்ந்து டம்ளர் நழுவுவது, இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். பணம் பிரச்சினை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையில் கூட்டம் இருக்கும், போய் உட்காருங்கள்.

எண்ணெய் போட்டு நீவுவதில் தப்பில்லை, சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பிடித்து இழுத்துச் சத்தம் வரவைப்பது வேறு வேலை. ஏற்கனவே இழுபட்டிருக்கிற நாரை இன்னொரு தடவை இழுப்பதால் என்ன லாபம்? 'நரம்பு விலகியிருக்கு, ஏத்திவிட்டேன்' என்பார்கள், அங்கே நரம்பு அப்படி விலகுவதில்லை, இழுத்து ஏற்றவும் முடியாது.

சரி, இனி ஜிம். முதலில் உங்கள் பிடியைப் பாருங்கள், ஏனென்றால் பாதிப் பேருக்கு வினை அங்கேதான். பாரை விரல்களின் அடியில் வைத்துப் பிடித்தால் பாரம் கையைப் பின்னால் மடக்கும், முழு எடையும் மடங்கின மூட்டில் தொங்கும். பார் உள்ளங்கையின் அடிப்பகுதியில், கட்டைவிரல் மேட்டுக்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக உட்கார வேண்டும், அப்போதுதான் எடை முன்கை எலும்புகளுக்கு நேர் மேலே இறங்கும். மணிக்கட்டு லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கலாம், மடங்கித் தொங்கக் கூடாது. கை ரொம்ப அகலமாகப் போனால் மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாயும், அதையும் கொஞ்சம் குறுக்குங்கள். கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்கட்டும். அதைச் சுற்றாமல் பெஞ்ச் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, நழுவினால் கழுத்தில்தான் விழும்.

அடுத்து, வலிக்கிற பயிற்சிக்குப் பதில் வலிக்காத மாற்று. பாருக்குப் பதில் டம்பெல், அதையும் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்து. நேர் பாரில் கர்ல் (முழங்கையை மடக்கித் தூக்குவது) அடித்தால் கை முழுக்கத் திரும்பியாக வேண்டும், ஆகவே இப்போதைக்கு வளைந்த பார் அல்லது உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கிற அதே சுத்தியல் பிடி. தண்டாலைக் கைப்பிடிக் கட்டையிலோ விரல்களை மடக்கி முஷ்டியை ஊன்றியோ எடுங்கள், அதுவும் குத்தினால் சுவரில் கை வைத்து. டெட்லிஃப்ட் (பாரைத் தரையிலிருந்து தூக்கி நிற்பது) பெரும்பாலும் தொந்தரவு தராது, அங்கே எடை மணிக்கட்டைக் கீழே இழுக்கிறதே தவிர நசுக்குவதில்லை. கால் நாளுக்கும் முதுகு நாளுக்கும் லீவு போட வேண்டிய அவசியமே இல்லை, மணிக்கட்டு வலி என்று ஸ்குவாட்டையும் விடுகிறவர்கள் ஏற்கனவே ஸ்குவாட்டை விடக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள்.

எடை எவ்வளவு? பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள்: பயிற்சியின்போது 3 வரை பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மறுநாள் காலையில் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்று அதிகம், அடுத்த தடவை குறையுங்கள். இறங்கியிருந்தால் வாரம் ஒரு சின்னப் படி ஏறுங்கள். பல ஜிம்களில் 2.5 கிலோவுக்குக் கீழே பிளேட் கிடையாது, இரண்டு பக்கமும் போட்டால் ஒரேயடியாக 5 கிலோ கூடிவிடும். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், யார் சிரித்தாலும் சரி.

வீட்டில் செய்ய இரண்டு வேலை. ஒரு சுத்தியலின் பிடியைப் பிடித்து, முன்கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்கள். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் லேசு, தள்ளிப் பிடிக்கப் பிடிக்கக் கடினம், அதை வைத்தே பாரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் வாரங்களில் திருப்பக்கூட வேண்டாம், நேராகப் பிடித்து முப்பது, நாற்பது நொடி நிறுத்தினால் போதும். இன்னொன்று அரிசி வாளி: கையை மணிக்கட்டு முங்கும்வரை விட்டு, விரிப்பது, மூடுவது, பிசைவது. ரேஷன் அரிசியில் செய்யுங்கள், பொன்னியில் கை வைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாஸ்டர் சொன்ன ராப் கெட்டதில்லை. கனமான செட்டுக்கு மட்டும், மூட்டை மூடும்படி கட்டி, செட் முடிந்ததும் தளர்த்துங்கள். நம் பையன்கள் பலர் அதை மூட்டுக்குக் கீழே முன்கையில் வளையல் மாதிரி கட்டிக்கொண்டு திரிகிறார்கள், அதனால் ஃபோட்டோ நன்றாக வரும், வேறு பலன் இல்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். வலி மறையும், அடிபடுவது மறையாது, வயிறும் சிறுநீரகமும் வேறு தனியாகக் கணக்குக் கேட்கும்.

கடைசியாக அந்த பைக். மணிக்கட்டை மடக்கியபடியே முக்கால் மணி நேரத்துக்கு மேல் முறுக்கிப் பிடித்துக்கொண்டு போய், அதே வழியில் திரும்பி வருகிறீர்கள். ஜிம்மில் செய்வதைவிட இது அதிக நேரம். கொஞ்ச நாள் செங்கோட்டை பாசஞ்சரில் போய்ப் பாருங்கள், நேரம் ஒத்துவந்தால் கை மட்டுமல்ல, பெட்ரோல் காசும் மிஞ்சும். குருத்தெலும்பின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் கிடையாது, ஓரங்களுக்குத்தான் உண்டு, அதனால் இது தசை மாதிரிச் சீக்கிரம் ஆறாது. மூன்று மாதம் பிடித்தாலும் பதறாதீர்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் துளிகூட மாற்றமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அப்போது எம்ஆர்ஐ பற்றி அவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: சார், நான் முக்கூடல். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். காலையில் 5 கிலோ டம்பெல், பகலில் அம்மாவோடு பீடி சுற்றுகிறேன். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு ஓரமாக வலி, டம்பெல்லைத் தரையிலிருந்து எடுக்கும்போதே உயிர் போகிறது. டம்பெல்லால் வந்ததா, பீடியால் வந்ததா?

பதில்: இரண்டும் சேர்ந்துதான் தங்கச்சி, ஆனால் பெரிய பங்கு கத்தரிக்கோலுக்கு என்பது என் கணிப்பு. இலை வெட்டும்போது கட்டைவிரல் விரிந்து மூடி, விரிந்து மூடி, ஆயிரம் பீடிக்கு எத்தனை தடவை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை விரிக்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் போகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் உரசும். 1895-இல் டி குவெர்வைன் என்ற ஸ்விஸ் அறுவை மருத்துவர் இதை விவரித்தார், அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கும் இது வரும்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும், ஆகவே இரண்டையும் ஒப்பிடுங்கள். வலிக்கிற கையில் கத்தியால் கீறின மாதிரி இருந்தால் பெரும்பாலும் இதுதான். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற ஸ்பிளின்ட் மருந்துக் கடையில் கிடைக்கும், சில வாரம் போடுங்கள். கத்தரியைச் சாணை பிடித்து வையுங்கள், இலை வெட்டுவதை ஒரே மூச்சில் முடிக்காமல் இடையிடையே பிரித்துச் செய்யுங்கள். டம்பெல்லைத் தரையில் வைக்காமல் ஸ்டூலில் வைத்து எடுங்கள், எடையை 2 கிலோவாக்குங்கள். அடங்கவில்லை என்றால் மருத்துவர் அந்த உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவார், இந்த வலிக்கு அது பலருக்கு நன்றாகவே கேட்கிறது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: சமீபத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தீர்களா? கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும், அதை அழுத்தினால் வலிக்கிறதா? ஆம் என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாமல் எக்ஸ்ரே எடுங்கள். அந்தக் குழிக்குள் இருக்கும் சின்ன எலும்பு முறிந்தால் முதல் படத்தில் தெரியாமலே போகலாம், பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அலட்சியமாக விட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகும் அபாயம் உண்டு. நாட்டுக் கட்டு போடுவதாக இருந்தாலும் படம் பார்த்த பிறகு யோசியுங்கள், கட்டின பிறகு விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும்.

கேள்வி: புறங்கையில் மணிக்கட்டில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி. தண்டால் எடுத்தால் மட்டும் வலி. கனமான புத்தகத்தால் ஓங்கி அடித்தால் போய்விடும் என்கிறார் சித்தப்பா. அடிக்கலாமா? (வாசகர், வீரவநல்லூர்)

பதில்: அடிக்காதீர்கள். அது பெரும்பாலும் மூட்டு நீர்க்கட்டி. பல நேரம் தானாகவே வற்றிவிடும், அடித்து உடைத்தால் திரும்பி வரும், எலும்பில் பட்டால் அது வேறு வலி. மருத்துவரிடம் ஒரு தடவை காட்டி நீர்க்கட்டிதான் என்று தெரிந்துகொண்டு, விரல்களை மடக்கி முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுங்கள். சித்தப்பாவிடமிருந்து புத்தகத்தை வாங்கி வையுங்கள்.

கேள்வி: பணகுடிப் பக்கம் ஊர். அடுத்த பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்க ஆசை. மணிக்கட்டு லேசாக வலிக்கிறது. பயிற்சி எப்படி?

பதில்: உங்களுக்குப் பக்கத்தில் வடலிவிளையில் பெண்கள்கூடத் தூக்குகிறார்கள், ஆசைப்படாமல் இருக்க முடியுமா! கல் வழுவழுப்பான உருண்டை, பிடி கிடையாது. விரலாலும் மணிக்கட்டாலும் தூக்கப் பார்க்கிறவனுக்குத்தான் கை போகும். குத்தவைத்து, கல்லைத் தொடையில் ஏற்றி, இரண்டு முன்கையாலும் கட்டிப்பிடித்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து தோளுக்கு உருட்ட வேண்டும். பாரத்தை எடுப்பது காலும் இடுப்பும். கையை மடக்கி வெட்டி இழுத்தால் முழங்கைப் பக்கம் தசைநாணே அறுந்துபோகலாம்.

கல்லில் ஆரம்பிக்காதீர்கள். சாக்கில் 20 கிலோ மணல் போட்டு, தொடைவரை, நெஞ்சுவரை மட்டும் தூக்கிப் பழகுங்கள், வலி 3-க்கு மேல் போகாதவரை மாதம் 5 கிலோ கூட்டுங்கள். வலி முழுக்கப் போகும்வரை தோளுக்கு உருட்டுவது வேண்டாம், மணிக்கட்டு நன்றாக மடங்குவது அந்த இடத்தில்தான். சாக்கை இரட்டையாகப் போட்டு வாயைக் கயிற்றால் கட்டுங்கள், கம்பி வைத்துக் கட்டினால் முன்கையைக் கிழித்துவிடும்.