ஒரு சைக்கிள்காரனின் மரணம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஹுவான் அந்தோனியோ பார்தெம் இயக்கிய 'ஒரு சைக்கிள்காரனின் மரணம்' (1955) படத்தை அண்மையில் பார்த்தேன். முதல் காட்சியிலேயே பதற்றம் தொற்றிக்கொண்டது. ஆனால் குற்றம் செய்த இருவரும் இறுதியில் செத்துப்போவது, படத்தைப் பழைய நீதிக்கதையாகச் சுருக்கிவிடுகிறதே?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

அந்த முடிவை அது எடுக்கப்பட்ட நாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயினில், கணவனுக்குத் துரோகம் செய்த பெண் தண்டனையின்றித் தப்புவதாக ஒரு படம் முடிவதைத் தணிக்கையாளர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள். படத்தில் அப்படித் துரோகம் செய்யும் மரியா ஹோசேயின் சாவு அவர்களுக்குக் கட்டிய கப்பம். பார்தெமின் கோபம் அவளுடைய காதல்மீது அல்ல. மாட்ரிட்டுக்கு வெளியே, தங்கள் கார் மோதி விழுந்தவருக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று தெரிந்தும், உதவிக்கு ஆள் தேடினால் கள்ள உறவு அம்பலமாகிவிடும் என்று அவளும் அவள் காதலன் ஹுவானும் அவரை விட்டுப் போகிறார்களே, அதன்மீதுதான்.

அதன் பிறகு வரும் பதற்றத்தையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். மிரட்டிப் பணம் பறிக்க அலையும் ரஃபாவுக்கு உறவு மட்டும்தான் தெரியுமா, விபத்தும் தெரியுமா என்ற ஐயத்திலேயே இருவரும் வேகிறார்கள். பிளமெங்கோ என்னும் ஸ்பானிய ஆடல்பாடல் நடக்கும் விருந்தில் அவன் மரியா ஹோசேயின் கணவரின் காதருகே குனிந்து எதையோ சொல்கிறான். பாட்டும் கைதட்டலும் அதை விழுங்கிவிட, நமக்கு முகங்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. வசனமே இல்லாமல் படத்தொகுப்பின் வெட்டுகளால் மட்டும் இவ்வளவு அச்சத்தை எழுப்பிய காட்சிகளை நான் அதிகம் கண்டதில்லை. அந்த அச்சத்தில், செத்தவரைப் பற்றிய துயரம் துளியும் இல்லை என்பதே பார்தெம் வைக்கும் குற்றச்சாட்டு.

ஹுவான் மட்டும் மாறுகிறான். மைத்துனரின் செல்வாக்கால் பல்கலைக்கழக வேலை பெற்றவன் அவன். விபத்துச் செய்தியைப் படித்த கலக்கத்தில் மத்தில்தே என்ற மாணவிக்கு அநீதி இழைக்கிறான். அவளுக்காக மாணவர்கள் திரண்டெழும்போது, தன்னலமற்ற கோபம் எப்படி இருக்கும் என்பதை முதன்முறையாகக் காண்கிறான். இது வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 1956 பிப்ரவரியில் மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் உண்மையாகவே கிளர்ச்சி வெடித்தது. கம்யூனிஸ்டான பார்தெம் தமது அடுத்த படத்தின் படப்பிடிப்பின்போது கைது செய்யப்பட்டார்.

சரணடைய முடிவெடுத்த ஹுவானை மரியா ஹோசே அதே சாலையில் காரேற்றிக் கொல்கிறாள். திரும்பும் வழியில் எதிரே வரும் இன்னொரு சைக்கிள்காரரைத் தவிர்க்கப்போய்க் கார் கவிழ்ந்து அவளும் சாகிறாள். தணிக்கைக்கு அது போதும். பார்தெமுக்குப் போதவில்லை: அந்தச் சைக்கிள்காரர் சற்றுத் தயங்கிவிட்டு, விளக்கெரியும் வீட்டை நோக்கி உதவி கேட்கப் போகிறார். சீமாட்டி செய்ய மறுத்ததை ஏழை செய்கிறார். படத்தின் தீர்ப்பை நான் அங்கேதான் காண்கிறேன், அவளுடைய சாவில் அல்ல.

வாய்த்தால் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'ஒரு காதலின் வரலாறு' (1950) படத்தையும் பாருங்கள். அதிலும் தொழிலதிபரின் மனைவியாக வருபவர், இங்கே மரியா ஹோசேயாக நடித்த அதே லூசியா போசேதான். இரண்டிலும் காதலர்களுக்கு நடுவே ஒரு மரணம் நிற்கிறது.